கச்சான்காரனின் பாட்டு

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் கால் வைக்க இடமிராது. தக்காளி பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இத்தாலியக் கிழவிகள் வருடம் முழுவதற்கும் குழம்பு காய்ச்சிப் போத்தலில் அடைப்பதற்காக ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, அடியிலுள்ள பழத்தையும் அமத்திப் பார்த்து விலை பேசுவார்கள். நாங்கள் அங்கே போவது எங்கள் தேவைக்காக அல்ல. நாங்கள் வேலை செய்யும் உணவகத்துக்கு மரக்கறி வாங்கப் போவோம். முதலாளி வானை ஓரமாக நிறுத்திவிட்டு ரெலிபோனில் கதைத்துக் கொண்டிருப்பார். பெட்டி தூக்குவது நாங்கள்.

நாங்கள் என்றால் நாலு பேர். பாக் எக்ஸ்ரென்சனில் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒருவர் 2010 ஓகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு 492 பேருடன் வந்த கப்பலில் வந்தவர். மற்ற மூவரும் விமானத்தில், வேறு வேறு வழிகளால் வந்தோம். இருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவர்கள். 2006இல் பாதை பூட்டிய பிறகு அங்கே படித்தவர்களுக்கு ஏன் விட்டோம் என்று விளக்க வேண்டியதில்லை. பட்டம் இல்லாதவர்கள் சரித்திரம் எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கோப்பை கழுவும் இடத்தில் காதுக்கு வேலையில்லை. பத்து வருடமாக அந்தக் காதால் கேட்டதையும், கேட்டது என்னவென்று அறிய நூல்நிலையத்தில் தேடிப் படித்ததையும் வைத்தே இதை எழுதுகிறோம். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

கடந்த புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, சந்தையின் நடுவே பூக்கன்று விற்கும் பக்கம் ஒரு சின்ன இசைக்குழு நின்றது. ஐந்து பேர். மடக்கு மேசையில் வைத்த மின்பியானோ, நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸ் வாத்தியம், ஒரு ட்ரம்பெற், ஒரு சோடி கொங்கா மேளம். ஐந்தாவது ஆள் ஒரு மரப்பெட்டியின் மேல் குந்தி, அந்தப் பெட்டியையே கால்களுக்கிடையில் கையால் அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் சமையலறையில் எங்களோடு நின்று கோப்பை கழுவும் பெருநாட்டவர் அவர். மூன்று வருடமாகப் பக்கத்தில் நிற்கிறார். அவர் வாத்தியக்காரர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அவர்கள் வாசித்த மெட்டை எங்கேயோ கேட்டிருந்தோம். கேளாதவர்கள் குறைவு. ஊரில் பழைய சினிமாப் பாட்டுக்களின் இடையிசையில்கூட அதன் சாயல் வந்திருப்பதுபோல இருந்தது. அடுத்த நாள் சமையலறையில் அவரிடம் கேட்டோம். எங்களுடைய அரைகுறைப் பிரெஞ்சும் அவருடைய அரைகுறைப் பிரெஞ்சும் சேர்ந்தால் ஒரு முழுப் பிரெஞ்சு ஆகாது, ஆனாலும் விளங்கியது. அது கச்சான் விற்பவனின் பாட்டு. ஸ்பானிய மொழியில் 'எல் மனிசெரோ'. 'மனி' என்றால் கச்சான். கரிபியன் தீவுகளின் ஆதிக்குடிகளான தைனோ மக்களின் சொல். அந்த மக்களை ஸ்பானியர் அநேகமாக அழித்துவிட்டார்கள். சொல் மட்டும் தெருவில் கூவப்பட்டுக் கொண்டிருந்தது.

நல்லூர்த் திருவிழா வெளிவீதியில் கச்சான் வாங்கித் தின்னாத யாழ்ப்பாணத்தான் இருக்கமாட்டான். ஆனால் கச்சான் எங்களுடைய பயிர் அல்ல. அது தென் அமெரிக்காவின் பயிர். போர்த்துக்கேயரும் ஸ்பானியரும் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அதை ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் அதை மணிலாக்கொட்டை என்கிறார்கள். மணிலாவின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. மலாய் மொழியில் பயறு கடலை இனத்துக்குக் கச்சாங் என்று பெயர். எங்கள் சொல்லின் ஒலி அதோடு ஒத்துப்போகிறது. நல்லூரில் சுருள் கடதாசியில் வாங்கித் தின்றது எத்தனை கடல் கடந்து வந்த சாமான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பாட்டு மொய்செஸ் சிமோன்ஸ் என்ற ஹவானா இசையமைப்பாளரின் பெயரில் இருக்கிறது. ஹவானாத் தெருக்களில் பழம், பூ, கச்சான் விற்பவர்கள் தங்கள் சாமானைப் பாட்டாகவே கூவி விற்பார்கள். அந்தக் கூவலுக்கு 'பிரெகோன்' என்று பெயர். அதை எடுத்துப் பாட்டாக்குவது கியூபாவில் ஒரு தனி வழக்கம். 1920களின் கடைசியில் ரீட்டா மொந்தானேர் என்ற பாடகி இதை முதலில் இசைத்தட்டில் பாடினார். ஆனால் உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1930ஆம் ஆண்டு. டொன் அஸ்பியாசு என்பவரின் ஹவானா கசினோ வாத்தியக்குழு அந்த ஆண்டு சித்திரையில் நியூயோர்க்கின் பலஸ் தியேட்டரில் ஏறியது. பாடகர் ஒரு கச்சான் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்து, சனங்களுக்குக் கச்சானை எறிந்தபடி பாடினார் என்று எழுதியிருக்கிறார்கள். வைகாசியில் இசைத்தட்டு பதிவானது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்றதாகக் கணக்கிடுகிறார்கள். அதே ஆண்டு மார்கழியில் லூயி ஆம்ஸ்ரோங் அதைத் தன் பாணியில் பதிந்தார். ஸ்பானிய மொழி தெரியாமல் சொற்களைத் தன் வாய்க்கு வந்தபடி உருட்டிப் பாடினார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கியூபா இசைக்குப் பைத்தியம் பிடித்து ஆடத் தொடங்கியது அங்கிருந்துதான். எந்தத் தெருவில் எந்தக் கச்சான்காரனின் குரலிலிருந்து அந்த மெட்டு வந்தது என்பதை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மேடையில் வண்டி தள்ளி வந்த பாடகர் அந்தோனியோ மச்சின். 1903இல் சாகுவா லா கிராண்டே என்ற ஊரில் பிறந்தவர். தாய் கறுப்பினத்தவர், தகப்பன் ஸ்பெயினிலிருந்து வந்தவர். வறிய வீடு. கொத்துவேலை செய்து பிழைத்தவர். ஒபெரா பாட ஆசைப்பட்டார். அந்தக் காலத்துக் கியூபாவில் அந்த நிறத்தவனுக்கு அந்த மேடை இல்லை. நியூயோர்க்கில் இசைத்தட்டு விற்றதும், அவர் பெரிய குழுவை விட்டு வெளியேறி ஒரு சின்னக் குழுவைச் சேர்த்தார். 'குவார்த்தேத்தோ மச்சின்' - மச்சின் நால்வர். குரல் இரண்டு, கிற்றார், 'ட்ரெஸ்' என்ற மூன்று சோடி நரம்பு வாத்தியம், ஒரு ட்ரம்பெற். கியூபாக்காரரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரரும் கலந்த குழு. பொருளாதார மந்தக் காலத்தில் பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்க யாராலும் முடியாது. நாலு பேர் என்றால் ஒரு காரில் ஏறிப் போகலாம். சின்னக் குழுக்கள் அநேகமாக இப்படித்தான் பிறந்தன. நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்ததும் இதே கணக்கில்தான்.

இந்த நால்வர் குழுவில் ஒரு சம்பவம் நடந்தது. ட்ரம்பெற் வாசித்தவர் கியூபாவுக்குத் திரும்பிவிட்டார். இசைத்தட்டுப் பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கியூபாப் பாணியில் ட்ரம்பெற் வாசிக்க நியூயோர்க்கில் வேறு ஆள் இல்லை. அப்போது மாரியோ பௌசா என்ற பத்தொன்பது வயதுப் பொடியன், எனக்கு ஒரு ட்ரம்பெற் வாங்கித் தாருங்கள், வாசிக்கிறேன் என்று முன்வந்தான். அவன் ஹவானாப் பில்ஹார்மோனிக் குழுவில் கிளாரினெற் வாசித்தவன். ட்ரம்பெற்றை வாயில் வைத்துப் பழகியவன் அல்ல. இரண்டு கிழமையில் பழகினான். பதிவும் நடந்தது.

இந்தப் பௌசாவின் கதை எங்களுக்கு நெருக்கமானது. 1911இல் ஹவானாவில் பிறந்து, தன் ஞானப் பெற்றோரிடம் வளர்ந்தவர். பதினைந்து வயதில் ஒரு குழுவுடன் நியூயோர்க்குக்கு வந்து, ஹார்லம் பகுதியில் கறுப்பு மக்கள் தங்கள் பாட்டில் தலைநிமிர்ந்து திரிவதைப் பார்த்தார். ஹவானாவில் நல்ல வாத்தியக்காரனாக இருந்தும் நிறத்தால் நுழைய முடியாத இடங்கள் இருந்தன. 1930இல் திரும்பி வந்து ஹார்லத்தில் தங்கிவிட்டார். சிக் வெப், காப் கலோவே என்ற பெரிய கறுப்பு ஜாஸ் குழுக்களில் வாசித்தார். கலோவே குழுவில் டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற இளைஞனுக்கு 1939இல் இடம் கிடைக்கப் பௌசா உதவினார். அதன் பலனை ஜாஸ் உலகம் எட்டு வருடம் கழித்துக் கண்டது.

1937இல் பௌசாவின் மைத்துனர் நியூயோர்க்குக்கு வந்தார். பிராங்க் கிரில்லோ, எல்லோரும் மச்சிட்டோ என்பார்கள். 1940இல் இருவரும் சேர்த்த குழுவுக்கு 'ஆபிரோ-கியூபர்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது அந்தப் பெயர் சாதாரணம். அன்று ஆபிரிக்கா என்ற சொல்லைத் தன் நெற்றியில் தானே எழுதிக்கொள்ள எந்த வாத்தியக்குழுவும் துணியவில்லை. பிற தீவுக்காரர்கள் தங்களை ஸ்பானியர் என்று காட்டி மண்டபங்களில் இடம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எதை மறைத்தால் வேலை கிடைக்குமோ அதையே அவர்கள் பெயராக வைத்தார்கள். 1943இல் மச்சிட்டோ இராணுவத்துக்கு எடுக்கப்பட்டபோது, கூட வளர்ந்த சகோதரி கிரசியேலா ஹவானாவிலிருந்து வந்து குழுவின் குரலானார். அவர் அதற்கு முன் பாடியது அனகவோனா என்ற குழுவில். 1932இல் சகோதரிகள் சேர்ந்து தொடங்கிய பெண்கள் குழு.

அதே 1943இல் பௌசா 'தங்கா' என்ற உருப்படியை அமைத்தார். கியூபாத் தாளமும் ஜாஸ் கற்பனையும் ஒரே உருப்படியில் முழுதாகச் சேர்ந்தது அதில்தான் என்று சொல்வார்கள். லத்தீன் ஜாஸ் என்ற கிளை அங்கே ஆரம்பிக்கிறது. ஓர் இரவு நிகழ்ச்சி முடியும் நேரத்தில் பியானோக்காரர் ஒரு பழைய பாட்டின் முன்னுருவைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் பௌசா கட்டியதே தங்கா என்பது அந்த வட்டாரத்தில் வழங்கும் கதை. அந்தப் பழைய பாட்டு 'எல் போத்தெய்யேரோ'. வெறும் போத்தல் வாங்குபவனின் கூவல். எங்கள் ஒழுங்கையில் சைக்கிளில் சாக்குக் கட்டிக்கொண்டு போத்தல், பழைய இரும்பு என்று கூவிப் போனவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கூவலில் கியூபா இசை உலகத்துக்குப் போனது. இன்னொரு கூவலில் அது ஜாஸைச் சந்தித்தது.

இந்த இசையின் இயக்கம் எங்களுக்கு விளங்கிய அளவில் இதுதான். 'கிளாவே' என்று இரண்டு கட்டைகள். ஹவானாக் கப்பல்துறையில் பலகை பொருத்தப் பாவித்த வைரக்கட்டை ஆணிகளே முதலில் கிளாவே ஆயின என்பார்கள். அதில் ஐந்து தட்டு: ஒரு பாகத்தில் மூன்று, அடுத்த பாகத்தில் இரண்டு. சுற்றிச் சுற்றி அதுவே வரும். மற்ற எல்லோரும் அந்த ஐந்து தட்டை மனத்தில் வைத்தே வாசிப்பார்கள். கட்டையை யாரும் தட்டாவிட்டாலும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பாஸ் வாத்தியம் முதல் அடியில் விழாமல் அதற்குச் சற்று முன்பே விழும். அதனால் கேட்பவனின் கால் தானாக முன்னே போகும். பியானோ ஒரே உருவைத் திருப்பித் திருப்பி வாசிக்கும். அதன் மேல் ட்ரம்பெற் தன் இஷ்டத்துக்குப் பறக்கலாம். எவ்வளவு பறந்தாலும் கிளாவேயைக் குறுக்கே வெட்டக்கூடாது. ஒருவன் தன் வழியில் போகலாம், ஆனால் மற்றவனைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். எங்கள் இயக்கங்களும் சங்கங்களும் நினைவுக்கு வந்தன. அதை விரித்து எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

1947இல் கில்லெஸ்பி தன் குழுவுக்கு ஒரு கொங்காக்காரர் வேண்டும் என்று பௌசாவிடம் கேட்க, பௌசா சானோ பொசோவைக் காட்டினார். ஹவானாவின் சேரி வீடுகளில் வளர்ந்தவர் பொசோ. இசையை எழுத்தில் வாசிக்கத் தெரியாது, ஆங்கிலம் தெரியாது. கில்லெஸ்பிக்கு ஸ்பானியம் தெரியாது. அந்த ஆண்டு செப்ரெம்பர் 29இல் கார்னகி மண்டபத்தில் ஒன்றாக வாசித்தார்கள். மார்கழியில் 'மன்தேக்கா' பதிவானது. மன்தேக்கா என்றால் பன்றிக்கொழுப்பு. சமையலறைச் சொல். எங்கள் பெருநாட்டவர் அதைச் சொல்லி அடுப்படியில் இருந்த கொழுப்பு வாளியைக் காட்டியபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு வருடம் கழித்து, 1948 மார்கழியில், ஹார்லத்தில் ஒரு மதுக்கடையில் பொசோ சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33.

இனி, சந்தையில் கண்ட ஐவர். அவர்கள் பிரபலமானவர்கள் அல்ல; பெயர் எழுத அனுமதி கேட்கவும் இல்லை. பியானோ வாசித்த பெண் ஹவானாவில் இசைப்பள்ளியில் படித்தவர். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. ட்ரம்பெற்காரர் சிலிநாட்டுக் குடும்பம். 1973 செப்ரெம்பர் 11இல் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவருடைய தகப்பன் மொன்றியலுக்கு அகதியாக வந்தவர். கொங்கா வாசித்தவர் ஹெயிட்டிக் குடும்பம். 1957இல் துவாலியே ஆட்சிக்கு வந்த பிறகு ஹெயிட்டியின் ஆசிரியர்களும் வைத்தியர்களும் எழுத்தாளர்களும் இந்த நகரத்துக்கு ஓடி வந்தார்கள். பின்னர் தொழிலாளர்களும் வந்தார்கள். பாஸ் வாசித்தவர் கியூபெக்கில் ஒரு விவசாயக் குடும்பம். அவருடைய மாமன் இந்தச் சந்தையிலேயே சோளம் விற்றவராம். ஐந்தாமவர் எங்கள் ஆள்.

எங்கள் ஆள் அயாகூச்சோ மாநிலத்துக் கெச்சுவா மொழிக்காரர். 1980 தொடங்கி இருபது வருடம் அங்கே நடந்த யுத்தத்தில் இயக்கமும் இராணுவமும் மாறி மாறிச் சனத்தைக் கொன்றன. 2003இல் வந்த உண்மை ஆணைக்குழு அறிக்கை, இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 69,000 பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் நாலில் மூன்று பங்கினர் கெச்சுவா மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகர் லீமாவில் இருந்தவர்களுக்கு இது பல காலம் தூரத்து மலைச் செய்தியாகவே இருந்தது. அவர் சிறுவனாக லீமாவுக்கு ஓடிவந்து, ஒதுக்குப்புறத்தில் குடியேறி, பக்கத்து வீட்டுக் கறுப்புக் கிழவர் ஒருவரிடம் பெட்டி அடிக்கப் பழகினார். இரண்டு தரப்பும் கொன்றது என்று அவர் சொன்னபோது நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருடம் பக்கத்தில் நின்றும் கதைக்காமல் இருந்ததற்கு மொழி மட்டும் காரணமில்லை என்று அன்று நினைத்தோம்.

அந்தப் பெட்டிக்கு 'கஹோன்' என்று பெயர். பெட்டி என்பதே பொருள். பெருக் கரையோரத்திலும் கியூபாவிலும் ஆபிரிக்க அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும், மேளத்துக்குத் தடை வந்த இடங்களில், சாமான் வந்த பெட்டியை எடுத்து அடித்தார்கள். கியூபாத் துறைமுகங்களில் ரும்பா என்ற ஆட்டத்துக்கு அடித்தது உப்பு மீன் வந்த பெட்டியும் மெழுகுதிரி வந்த பெட்டியும். கியூபாவில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1886இல்தான். பெரு அரசாங்கம் 2001இல் கஹோனைத் தேசிய மரபுரிமை என்று அறிவித்தது.

உப்பு மீன் என்றதும் ஒரு கணம் நின்றோம். அது கொட் என்ற மீன். எங்களுடைய கருவாட்டுக்குச் சகோதரம். அது பிடிபட்டது எங்கே? நியூபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியாக் கரைகளில். நல்ல தரமானது ஐரோப்பாவுக்குப் போனது. உடைந்ததும் மட்டமானதும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு, கரும்புத் தோட்ட அடிமைகளின் சாப்பாட்டுக்குப் போனது. திரும்பி வந்த கப்பலில் சர்க்கரைப்பாகும் றம் சாராயமும் வந்தன. அந்த வியாபாரத்துக்குப் பிரெஞ்சுக் கனடாவில் ஆரம்பத்தில் வழி திறக்க முயன்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பதினாலாம் லூயி மன்னர் அனுப்பிய அதிகாரி ஜான் டலோன். 1665 முதல் 1668 வரையும், 1670 முதல் 1672 வரையும் இங்கே நிர்வாகியாக இருந்தவர். இந்தக் குடியேற்றத்தின் முதல் குடிசன மதிப்பை எடுத்தவரும் அவர். 1666இல் அவர் கணக்கிட்ட ஐரோப்பியர் 3,215 பேர். ஆதிக்குடிகளை அவர் எண்ணவில்லை. கப்பலில் மீனும் பலகையும் பட்டாணியும் ஏற்றி அன்ரில்லீஸ் தீவுகளுக்கு அனுப்பச் செய்தார். 1933இல் ஒரு பழைய விளையாட்டு மைதானத்தில் வடக்குச் சந்தை என்று திறக்கப்பட்ட இந்த இடத்துக்கு, பல காலம் கழித்து அவருடைய பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயருள்ள சந்தையில், அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை போன்ற ஒரு பெட்டியை, எங்களோடு கோப்பை கழுவும் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார். அவர் பெட்டியைச் சுற்றித் தக்காளிப் பெட்டிகள்.

இந்தக் கடலுக்கு எங்களோடும் ஒரு கணக்கு உண்டு. 1986 ஓகஸ்ட் 11இல் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். கண்டு ஏற்றியவர்கள் கொட் பிடிக்கும் மீனவர்கள். முதலில் கண்ட படகின் தலைவர் கஸ் டால்ரன். அந்த 155 பேர் ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது பின்னர் தெரியவந்து, பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. மீனவர்கள் ஏற்றும்போது கடதாசி கேட்கவில்லை. வந்தவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். எங்களுக்கு இங்கே வழி திறந்தவர்களில் அவர்களும் உண்டு. ஆறு வருடம் கழித்து, 1992 ஆடி 2இல், மீன் வற்றிப்போய் அரசாங்கம் கொட் மீன்பிடியை நிறுத்தியது. சுமார் 30,000 பேர் தொழில் இழந்தார்கள். அந்தத் தடை 2024 வரை நீடித்தது. எங்களை ஏற்றிய கரைகளின் சனமும் வேலை தேடி மேற்கே போக வேண்டி வந்தது.

மொன்றியலின் ஜாஸும் மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைதான். ரயில் படுக்கைப் பெட்டிகளில் கறுப்பர் செய்யக்கூடிய வேலை போர்ட்டர் வேலை ஒன்றே என்றிருந்த காலத்தில், ரயில் நிலையத்துக்குக் கிட்டவாக, இப்போது லிற்றில் பேர்கண்டி என்று சொல்லும் பகுதியில் கரிபியன் சனம் குடியிருந்தது. ஜமேக்காவிலிருந்து வந்த ரூபஸ் றொக்ஹெட் ரயில் போர்ட்டராக உழைத்து 1928இல் திறந்த இரவுவிடுதி பிற்காலத்தில் பெரிய கலைஞர்கள் வந்துபோகும் இடமானது. ஒஸ்கார் பீற்றர்சன் 1925இல் பிறந்தது அந்தப் பகுதியில். தகப்பன் கனடியப் பசிபிக் ரயிலில் போர்ட்டர். அவருடைய தமக்கை டெய்சி வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டே பியானோ படித்து, அயல் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். தம்பிக்கும், 1934இல் பிறந்த ஒலிவர் ஜோன்ஸுக்கும் அவரே ஆசிரியை. 1980இலிருந்து கோடை தோறும் நடக்கும் பெரிய ஜாஸ் விழாவுக்கு உலகம் திரண்டு வருகிறது. விழாக் காலத்தில் எங்கள் உணவகத்திலும் இரட்டை வேலை. மேடைப் பக்கம் போக நேரம் கிடைப்பதில்லை.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் ஆபிரிக்கர்களைப் படையாட்களாகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் பரம்பரை புத்தளத்துக்குக் கிட்ட சிறாம்பியடியில் இன்றும் இருக்கிறது. மஞ்சா என்ற பாட்டும் அவர்களிடம் இருக்கிறது. அந்தத் தாளத்திலிருந்தும் பறங்கியரின் கபிரிஞ்ஞாவிலிருந்தும் வளர்ந்தது பைலா. ஆடு என்ற போர்த்துக்கேயச் சொல் அது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ் பொப் பாடியபோது அதன் அடியில் ஓடியது இந்தத் தாளம்தான். கலியாண வீட்டுப் பின்வளவில் அதற்கு ஆடிவிட்டு, முன்வாசலுக்கு வந்ததும் அது சங்கீதமா என்று கேட்டவர்கள் நாங்கள்.

அதைவிடக் கிட்டவான விசயம் பறை. எங்கள் அம்மம்மாக்கள் காலத்தில் செத்த வீட்டுக்குப் பறையடிக்க வந்தவருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி. நாங்கள் பிறந்த காலத்தில் சிரட்டை பிளாஸ்ரிக் கோப்பையாக மாறியிருந்தது. வேலிக்கு வெளியே என்பது மாறவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சனம் நின்ற கதையைப் பல்கலைக்கழக விடுதியில் பிரசுரமாகப் படித்தோம், கோபப்பட்டோம், விவாதித்தோம். பிறகு யுத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. மூடியதை ஒழிந்தது என்று நம்பிக்கொண்டு விமானம் ஏறினோம்.

இப்போது முதலில் சொன்ன அந்தக் காரணம். இரண்டு வருடத்துக்கு முன் மொன்றியலில் எங்களுக்கு வேண்டிய ஒரு பெரியவர் காலமானார். ஊரில் எல்லோர் வீட்டு நன்மை தின்மையிலும் நின்றவர். இங்கே பிறந்து வளர்ந்த ஒரு பொடியன், பறை பழகியவன், பெரியவருக்குத் தான் பறை அடிக்கலாமா என்று கேட்டான். ஆசையாய்க் கேட்டான். அவனுக்கு அதில் வெட்கம் ஒன்றும் தெரியவில்லை. இந்த நாட்டுப் பிள்ளை. உறவினர் ஒருவர், மண்டபத்தில் சத்தம் போட விடமாட்டார்கள் என்றார். மற்றவர், அவன் போன பிறகு, இங்கேயும் வந்து அதைத் தூக்கிக்கொண்டு திரியவேண்டுமா, பொடியன் எந்தப் பகுதி என்று கேட்டார். நாங்கள் நாலு பேரும் அங்கே நின்றோம். நாங்கள் வாய் திறக்கவில்லை. அன்று மண்டபத்தில் ஒலிபெருக்கியில் தேவாரமும் நாதசுரமும் போனது. சத்தம் கூடிப்போயிற்று என்று யாரும் வந்து சொல்லவில்லை.

சந்தையில் அந்தப் பெட்டிக்கு நாங்கள் கைதட்டினோம். தொப்பியில் ஐந்து டொலர் போட்டோம். அடிமை அடித்த பெட்டி, ஹவானாச் சேரியில் வளர்ந்தவன் அடித்த கொங்கா, தெருவில் கச்சான் விற்றவனின் கூவல், எல்லாம் எங்களுக்கு இனித்தன. ஏனென்றால் அவை வேறு யாரோ வேலிக்கு வெளியே நிறுத்திய மனிதர்களுடையவை. எங்கள் வேலிக்கு வெளியே எங்கள் அம்மம்மாக்கள் நிறுத்தியவரின் வாத்தியம் வாசலுக்கு வந்தபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. மச்சிட்டோவும் பௌசாவும் 1940இல் ஆபிரிக்கா என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது கறுத்த மேளத்தைக் கேட்டு வெள்ளைக்காரன் மட்டும் முகம் சுளித்ததால் அல்ல. தங்கள் தீவுக்காரரே முகம் சுளித்ததாலும்தான்.

மச்சின் பிற்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போய், 1939இல் ஸ்பெயினில் தங்கி, 1977இல் மட்ரிட்டில் இறந்தார். அவர் அங்கே பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டு, கோயில்களில் தேவதைகளை வரையும் ஓவியன் கறுப்புத் தேவதையை ஏன் வரையவில்லை என்று கேட்பது. ஸ்பானியச் சனம் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டது. வண்டி தள்ளியபடி மேடையேறிய கொத்தனாருக்கு செவில்யா நகரத்தில் கல்லறை இருக்கிறது.

போன கிழமை பெருநாட்டவரிடம் பறையைப் பற்றிச் சொன்னோம். எப்படி இருக்கும் என்று கேட்டார். கழுவி அடுக்கியிருந்த வட்டத் தட்டு ஒன்றை எடுத்து, நெருப்பில் காய்ச்சி இறுக்குவது, இரண்டு குச்சியால் அடிப்பது என்று காட்டினோம். அடித்துக் காட்டச் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை செத்த வீட்டில் கேட்டிருக்கிறோம். ஒரு அடி கூடக் கையில் இல்லை. அடிக்கத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சனிக்கிழமைகளில் நாங்கள் சந்தையில்தான் நிற்போம் என்றார்.

அந்தப் பொடியனின் ரெலிபோன் இலக்கம் எங்களிடம் இருக்கிறது. முதலில் மன்னிப்புக் கேட்கவேண்டும், பிறகுதான் சந்தைக் கதை. பனி கொட்டத் தொடங்கினால் சந்தைக்குச் சுவர் அடைத்துவிடுவார்கள், வாத்தியக்காரர்கள் வரமாட்டார்கள். இன்னும் ஐந்தாறு சனிக்கிழமைகள் இருக்கின்றன.